கடைசி ஃபிரெட்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

தெருவில் தறிகள் ஒரே மூச்சில் நின்றன. எதிர் வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது.

சபரிநாதன் கையிலிருந்த சோல்டரிங் அயர்னைப் பார்த்தான். அது இனி சுடாது. பேஸ் கித்தாரின் கழுத்தில் ஒரே ஒரு ஃபிரெட் மிச்சமிருந்தது.

மற்றவற்றைப் பிடுங்கியாகிவிட்டது. விரல் வைக்க இடம் காட்டும் அந்த உலோகத் துண்டுகள் ஒரு டம்ளரில் கிடந்தன. நான்கு கம்பிகளையும் சுருட்டி எவர்சில்வர் தட்டில் வைத்திருந்தான்.

"புள்ள, அந்த ஸ்க்ரூடிரைவரை அடுப்புல காட்டிக் கொண்டா!"

கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய குரல். அவன் மனைவி பிரவீனா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் இல்லாத நாளில் அவளுக்குத் தறிப்பட்டறை வேலை கிடையாது.

திருச்செங்கோட்டில் பாதிப் பேரைப் போல அவனும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் போனவன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகக் கம்ப்ரஸர் அலறப் போர் போட்டான். கல்யாணத்துக்குப் பிறகும் போனான். சென்ற ஆடியில் வந்தவன், இனி கித்தார்தான் என்றான். பிரபாவின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான்.

முதல் கச்சேரியிலிருந்தே கித்தாரில் ஓர் இரைச்சல். கம்பி எங்கோ ஃபிரெட்டில் உரசுகிறது என்றான்.

கம்பிகளை மாற்றினான். அவற்றைத் தூக்கிக் கட்டினான். ஃபிரெட்டுகளை அரத்தால் ராவினான். இரைச்சல் போகவில்லை.

"மாப்ள, கித்தாருக்குக் காச்சலா? பாட்டுக்குப் பாட்டு காத வெச்சுப் பாக்கற" என்று பிரபா மேடையில் மைக்கிலேயே கேட்டான். கூட்டம் சிரித்தது. அடுத்த பாட்டில் சபரிநாதன் நுழைய வேண்டிய இடத்தில் நுழையவில்லை. குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பரமத்தி வேலூரில் கோயில் கச்சேரி. அதற்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் வருவான் என்று பிரபா சொல்லிவிட்டான். ரிக் முதலாளியும் போன் செய்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை வண்டி கிளம்புகிறது.

ஃபிரெட்டே இல்லாவிட்டால் கம்பி எதில் உரசும் என்று யோசித்தது அவன்தான். வயலினில் ஃபிரெட் கிடையாது. பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

தறி ஓடும்போது எதுவும் விளங்காது. அதனால்தான் கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஒரு கம்பியையாவது மாட்டி மீட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பிரவீனா ஸ்க்ரூடிரைவரைப் பழைய துணியில் சுற்றிப் பிடித்துக் கொண்டுவந்தாள்.

"பல்லெல்லாம் புடுங்கிட்டீங்க. இனிப் பாடுமாங்க?"

"பொக்க வாய்தான் நல்லாப் பாடும். எந்த எடத்துல வெரல் வெக்கோணும்னு கேட்டுக் கேட்டு வெக்க வேண்டியதுதான். எனக்குக் காது இருக்குதல்ல."

சூடான முனையை ஃபிரெட்டின் மேல் அழுத்தி, அடியிலுள்ள பசை இளகக் காத்திருந்தான்.

குழுவில் யாருக்கும் அந்த இரைச்சல் கேட்டதில்லை. டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு என்ன கேட்கும் என்பான். கேட்டது பிரவீனாவுக்கு மட்டும்தான்.

அதுவும் இப்படிக் கரண்ட் இல்லாத ஒரு நாள். ஒரே கம்பியை மீட்டி மீட்டி, கேக்குதா, கேக்குதா என்றான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் அவனுக்கு வேர்த்திருந்தது.

"லேசாக் கேக்குதுங்க" என்றாள்.

அவன் கித்தாரை வைத்துவிட்டுச் சாப்பிட வந்தான். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை எதையாவது மாற்றியதும் அவளைத்தான் கேட்டான். அவளும் அதையேதான் சொன்னாள்.

குறடால் பிடித்து இழுத்தான். மரம் ஒரு சிம்பு பெயர்ந்துகொண்டு வந்தது.

"போச்சாதுபோ. ஒட்டிக்கலாம்."

கடைசி ஃபிரெட் டம்ளரில் விழுந்தது. கழுத்தை மேலிருந்து கீழ்வரை கட்டைவிரலால் தடவினான்.

"இனி எதுல படும்னு பாக்கறேன்" என்று சிரித்தான்.

எதிர் வீட்டில் தேங்காய் துருவி முடித்துவிட்டார்கள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்தான்.

கித்தாரைத் தூக்கிக் கழுத்தில் காதை வைத்தான். எடுத்தான். அதைச் சுவரோரம் கிடத்திவிட்டு வாசற்படி வரை நகர்ந்துபோய் உட்கார்ந்தான். அங்கிருந்தும் தலையைச் சாய்த்தான்.

பிரவீனா ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அவன் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவ்வளவு மெதுவாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

"கம்பியெல்லாம் தட்டுல கெடக்குது, புள்ள. இப்பவும் உனக்கு லேசாக் கேக்குதா?"