எடுக்காத பொட்டலம்

இரண்டு இலைத்துண்டுகளிலும் அவள் சிவப்பு அரளியையே வைத்தாள்.

ஒன்றில் வெள்ளை வைக்க வேண்டும். அந்த வெள்ளரளியை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பழகிய கை.

இரண்டு பொட்டலத்தையும் வாழைநாரால் ஒரே மாதிரி கட்டினாள்.

கோயில் தூணுக்கு அந்தப் பக்கம் கோமு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணவனின் தங்கை. வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

அந்தக் கையை முறுக்கியவன் கோமுவின் புருஷன்.

பொட்டலம் கட்டியவளுக்குக் கூடப்பிறந்த தம்பி.

நாலு வாரமாகக் கோமுவுக்குத் தலை பின்னுவதும் சோறு ஊட்டுவதும் அவள்தான். தம்பி இரண்டு தடவை வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனான். திரும்ப அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சாஸ்தாவிடமே பூக் கட்டிப் பார்த்துவிடுவது என்று ஆயிற்று. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போக வேண்டாம்.

"நீங்களே கட்டுங்க மதினி. அன்னைக்கும் நீங்கதான கட்டுனிய. ராசியான கை."

கோமு சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றைக்கு என்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால். கோமுவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் பெண் கேட்டு வந்திருந்தார். கோமுவுக்கு அவரைப் பிடித்திருந்தது. தம்பிக்கும் கேட்டிருந்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது நல்லதுதானே என்று பெரியவர்கள் இழுத்தார்கள். வெள்ளை வந்தால் வாத்தியார். சிவப்பு வந்தால் தம்பி.

தம்பி குடிப்பான் என்று அவளுக்கு அப்போதே தெரியும். குடித்தால் கை நீளும் என்றும் தெரியும். கோமு போல ஒருத்தி வந்தால் திருந்திவிடுவான் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அன்றைக்குச் சுலபமாக இருந்தது.

சிவப்பு வந்தது.

கோமு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாமி சொன்னால் சரி என்றாள்.

எடுக்காத பொட்டலத்தை இந்தக் கோயிலில் யாரும் பிரிப்பதில்லை. அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு அதைப் போட்டவளும் அவள்தான்.

பூசாரி பொட்டலங்களைச் சாஸ்தாவின் காலடியில் வைத்தெடுத்துக் கோமுவின் முன்னால் வைத்தார். கற்பூரம் எடுக்க உள்ளே போனார்.

கோமு கும்பிடவில்லை. கை ஒடிந்த நாளிலிருந்து கும்பிடுவதில்லை. வீட்டில் விளக்கேற்றினால்கூட எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"நான் என்னைக்காவது இந்தச் சாமி சொன்னத மீறிருக்கனா மதினி? இஷ்டத்துக்கு நடந்தவளுவ எல்லாம் நல்லாத்தான் இருக்காளுவ. கேட்டு நடந்தவ கைய ஒடிச்சிட்டாரே. இதுல என்ன நியாயம் இருக்கு?"

சாமியைக் குற்றம் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தாள். நாலு வாரமாகச் சொல்லி வந்ததுதான்.

இன்றைக்கு அதை விட்டுவிட்டுப் பொட்டலங்களைக் கோமுவின் பக்கம் நகர்த்தினாள்.

கோமு இடது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நாரைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

சிவப்பு.

கோமு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலு வாரத்து மூச்சையும் சேர்த்து விட்டாள்.

அவளுக்கும் மூச்சு வந்தது. இந்தத் தடவை நல்லதுக்குத்தான். மற்றதைக் கிணற்றில் போட்டுவிட்டால் முடிந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கிணறு பத்தடி தூரம்.

"இன்னைக்கு இவ்வளவு சரியாச் சொல்லுதாரே..."

நின்றாள்.

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னாரு? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

கோமு கேட்டது சாஸ்தாவிடம். கோபமாகக்கூட இல்லை. என்ன தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்பது போலக் கேட்டாள்.

சாஸ்தா எப்போதும் போல ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அவள் வாங்க வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு.

திரும்பி வந்தாள்.

நாரை அவிழ்த்தாள். கோமுவின் மடியில், முதல் பூவுக்குப் பக்கத்தில், இலையை விரித்து வைத்தாள்.

இரண்டும் சிவப்பு.

கோமு ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். அவள் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

உள்ளே பூசாரி தீப்பெட்டியை உரசுவது கேட்டது.

"அன்னைக்குமா?"

மதினி என்று சேர்க்கவில்லை.

அவள் தலையசைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தீபத்தட்டு வந்தது. கோமு மடியிலிருந்த பூக்களைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். இடது கை என்று பார்க்கவில்லை. சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு அந்தக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"நான் போகமாட்டேன்," என்று சாஸ்தாவிடமே சொன்னாள்.

அடுத்துத் தட்டு அவள் பக்கம் நீண்டது.

விரலெல்லாம் அரளிப்பால். முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

கற்பூரம் அணைகிற வரைக்கும் பூசாரி தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.