மலை பார்க்க முந்நூறு

“மலையைப் பார்க்க ஆளுக்கு முந்நூறு.”

பழைய துரை பங்களாவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் இப்படிச் சொன்னதும், துணிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத ஜென்மம் அவர்.

“மலை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

“ஆமாங்க. நடுவுல கொஞ்ச காலம் துரை வச்சிருந்தாரு. திருப்பி வாங்கிட்டோம்.”

கல்யாணமான நாள் முதலாக அவர் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பங்களாவின் பின்புற வராந்தாவில் நின்று அந்தச் சிகரத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் மூடுபனி ஏறிவிடும். அதற்குப் பிறகு ஊருக்குப் பேருந்து.

“ரெண்டு பேருக்கும் சேர்த்து நூறு. பேச்சு முடிஞ்சுது.”

“முந்நூறுங்க. எங்க சனத்துல விலை பேசுற வழக்கமே இல்ல. கண்ணால பார்த்ததுகூட இல்ல.”

பேரம் என்றாலே சட்டையைப் பிடித்து இழுக்கும் மனைவி, இன்று காதோரம் வந்து, “விட்டுடாதீங்க. கொஞ்சம் சத்தமாவே பேசுங்க” என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“முந்நூறா!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இதைவிட உசந்த மலையையெல்லாம் சும்மா காட்டுகிறார்கள் என்றார். எதிர்ப்பக்கக் கல்படிகளில் ஊர்ச்சனம் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தது. கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போனார்; யாரும் கூப்பிடாததால் தானே திரும்பினார்.

“போறாரு... போறாரு... பாரு, வந்துட்டாரு!” என்று படியிலிருந்த ஒருவர் பூரித்துப்போனார்.

“முந்நூறு” என்றாள் வாசல்காரி, கொட்டாவியோடு.

அதற்குள் மூடுபனி பங்களாவின் கூரையையே விழுங்கிவிட்டது.

துணிக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வியாபாரம் கசந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “மன்னிச்சுக்கோம்மா. கேட்டதைக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாம்.”

“எதுக்குங்க மன்னிப்பு? நீங்க தெருமுனைக்குப் போனப்பவே நான் உள்ள போயிட்டேன். கண்ணு நிறையப் பார்த்தாச்சு.”

“ஏது பணம்? பர்ஸு என்கிட்டல்ல இருக்கு!”

படிகளில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மனைவி முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள்.

“உங்களைப் பார்க்க ஆளுக்கு இருபது வாங்கினேன். மலைக்கு முந்நூறு போக, கையில நாப்பது நிக்குது.”