முகத்துவாரத்து மடவை

"இது கழிமுகத்துல பிடிச்சது இல்லையே?"

"என்னது, கழிவுமுகமா?"

"கழிமுகம். ஆறு கடல்ல கலக்குற இடம்."

"அதுக்கு நாங்க முகத்துவாரம்னு சொல்லுவோம் சார். எங்கய்யா வலை போடுத எடம்."

"இல்ல, அங்க பிடிச்சதுன்னா வேண்டாம்னு..."

"சாக்கடத் தண்ணிய சுத்தம் பண்ணுத பிளாண்டு சார்தான நீங்க? ஒங்க தண்ணிய நீங்களே நம்பலன்னா, நாங்க எப்படி நம்புவோம்?"

அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

இன்று மடவை மீன்களைப் பலகையில் அடுக்கும்போது அவளுக்கு நினைவு வந்தது. தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அன்று அவன் கடல்மீன் பக்கம் கைகாட்டினான். சங்கரா வாங்கினான். ஒரு ஆளுக்குப் போதும் என்றான். அன்றே சந்தை அவனுக்குக் கழிமுகத்தார் என்று பெயர் வைத்தது.

பிறகு ஞாயிறு தோறும் வந்தான். ஒரு ஆளுக்குச் சங்கரா. கூடவே ஒரு சேதி.

ஊர்ச் சாக்கடையில் பாதி சுத்திகரிப்பு நிலையத்துக்கு வராமலே ஆற்றில் விழுகிறது. அதைத் திருப்பப் போகிறோம். காற்று ஊதும் தொட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆற்றில் நுரை குறைந்திருக்கிறது.

ஒருவன் நுரையைப் பற்றிப் பேசுவதற்காக ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை.

பக்கத்துப் பலகை அமலோற்பவம் அக்காவுக்குத் தணிந்து பேசத் தெரியாது.

"ஏட்டி, அந்தாளு மீன் வாங்கவா வாராரு? ஒன்னப் பாக்கல்லா வாராரு."

"எங்கய்யா பிடிச்ச மீன வாங்காத ஆளு, எங்கய்யாட்ட வந்து என்னத்தக் கேப்பாரு?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், அவன் பின்னால் நின்றிருந்தான்.

அதற்குப் பிறகும் வந்தான். நுரையைப் பற்றி மட்டும் பேசினான்.

மழைக்கு முன் ஊரின் கடைசிச் சாக்கடையும் நிலையத்தோடு சேர்ந்தது. கார்த்திகையில் முகத்துவாரத்துத் தண்ணீரில் நாற்றம் போனது. தை பிறந்ததும் மடவை துள்ளியது.

இத்தனை நாளும் அய்யாவின் மீன் கோழித் தீவனத்துக்குத்தான் போனது. இன்று காலை அவர் கூடையை இறக்கிவிட்டு, "பலகையில வச்சுப் பாரேன் தாயி" என்றார்.

வைத்திருக்கிறாள்.

வாங்க வருகிறவர்கள் எங்கே பிடித்தது என்று கேட்கிறார்கள். முகத்துவாரம் என்கிறாள். அமலோற்பவம் அக்காவிடம் நகர்ந்துவிடுகிறார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வந்தான். துணிப்பையோடு. தலையை அழுத்தி வாரியிருந்தான்.

"சங்கரா?"

"இன்னைக்கு இல்ல சார். மடவதான்."

குனிந்தான். ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தான். நல்ல சிவப்பு.

"எங்க பிடிச்சது?"

அவள் அரிவாள்மனையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"கழிமுகத்துல."

அவன் நிமிர்ந்தான்.

"முகத்துவாரம்னு சொல்லுங்க."

அமலோற்பவம் அக்கா யாருக்கோ சில்லறை கொடுக்க மறந்து நின்றாள்.

அவனே மீன்களை எடுத்தான். ஒன்று. இன்னொன்று. யோசித்து, பெரிதாய் இன்னும் ஒன்று.

"ஒரு ஆளுக்கு இது ரொம்ப சார்."

"உங்க வீட்டுல எத்தன பேரு?"

"நானும் எங்கய்யாவுந்தான்."

அவன் துணிப்பையை மடித்தான். நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"எனக்கும் சேத்து வெட்டுங்க. மத்தியானம் உங்கய்யாகிட்ட ஒண்ணு கேக்கணும்."