மன்னிப்போடு வந்த பன்றி

பன்றியைத் திருடுவது கஸ்பாருக்குக் கஷ்டமாக இல்லை. திருடியதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

மலாயாவில் ரப்பர் விலை ஏறிக்கொண்டே போன 1925. கூலி ஏறவில்லை. திங்கட்கிழமை மகள் டோரிசுக்குக் கல்யாணம். பால்மரம் வெட்டிய காசில் சோறு போடலாம். கறி போட முடியாது.

பக்கத்துக் கூலி லயத்து லூர்துசாமி வீட்டுக்குப் பின்னால் ஒரு பன்றி நின்றது. வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று. பாகான் டத்தோ ஊரிலிருந்து அவர் மச்சான் கொடுத்தனுப்பியதாம். பெரிய வெள்ளிக்கிழமை தோட்டமே சிலுவைப்பாதையில் முழங்காலில் நின்ற நேரத்தில், கஸ்பார் அதை ஓட்டிவந்து தன் கொட்டகையில் அடைத்துவிட்டான்.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கஸ்பார் உளறிக் கொட்டினான்.

"முதலில் உடையவனிடம் மன்னிப்புக் கேள். அப்புறம்தான் நற்கருணை, கல்யாணப் பூசை எல்லாம்" என்றார் சாமியார்.

அந்தத் தோட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் பாஸ்குப் பூசைக்கு முன், தப்புச் செய்தவன் கோயில் வாசலில் முட்டிபோட்டு, எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை கஸ்பார் முட்டிபோட்டான். மனைவி கெர்ட்ரூட் முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க பன்னியத் திருடினது நான்தாண்ணே."

ஒரு கோழிக்காகச் சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்கில் பேசாதவர் லூர்துசாமி.

அவர் கஸ்பாரைத் தூக்கி நிறுத்தினார். கட்டிக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"மன்னிச்சுட்டேன் தம்பி!"

"இப்பவே திருப்பி ஓட்டியாந்துடுறேண்ணே."

"சேச்சே! திருப்பிக் குடுத்தா என் மன்னிப்புக்கு என்னலா மரியாதை? எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னையிலேருந்து அது கஸ்பாரு பன்னி. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

கூட்டத்தில் நின்ற ராக்காயி குலவையிட்டாள். கெர்ட்ரூட் அழுதுகொண்டே சிரித்தாள். சாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூசை முடிந்ததும் இளவட்டங்கள் பன்றிக்கு மாலை போட்டு, தப்பு அடித்து, லயத்தைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள். கஸ்பாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவமும் போயிற்று, கறியும் நின்றது!

அப்போதுதான் அடுத்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் வந்து இறங்கினார். கூடவே ஒரு சிங்கு போலீஸ்காரர்.

"டெய்சி!" என்று துரை அலறினார்.

பன்றி மாலையோடு அவரிடம் ஓடியது.

"யார் பன்றி இது?" என்று மலாய் மொழியில் அதட்டினார் போலீஸ்காரர்.

"கஸ்பாரு பன்னி!" கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

"இவனுக்கு எப்படிக் கிடைத்தது?"

"திருடினதுங்க!" ராக்காயி பெருமையோடு முன்னால் வந்தாள். "காலையிலதான் கோயில் வாசல்ல ஒத்துக்கிட்டாரு. மன்னிப்பெல்லாம் ஆயிடுச்சுங்க!"

கையில் விலங்கு விழுந்தது. விடிந்தால் கல்யாணம். கஸ்பார் திருதிருவென்று விழித்தான். லூர்துசாமி ஓடிவந்து மறுபடியும் அவனைக் கட்டிக்கொண்டு, காதோடு சொன்னார்:

"கல்யாணத்த நான் முன்ன நின்னு நடத்துறேன், கவலைப்படாத. துரை பங்களாவுலேருந்து அந்தப் பன்னிய ஓட்டியாந்தது நான்தான் தம்பி. காலையில நான் உன்ன மன்னிச்சேன்ல?

இப்ப உன் முறைலா."