மூணு செகண்ட் இருட்டு

"ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் டிவி மூணு செகண்ட் கறுத்துப் போகுது," என்று மெக்கானிக்கிடம் முறையிட்டாள் மனைவி.

"மூணு செகண்ட்தானே, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த கணவர். காபி ஆறியிருந்தாலே வீட்டை ரெண்டாக்குகிற மனிதர்.

மெக்கானிக் டிவியோடு இணைத்திருந்த வீடியோ பிளேயரின் செட்டிங்ஸைத் திறந்தார். "வீடியோவுக்குத் தகுந்தபடி டிவியோட ரிஃப்ரெஷ் ரேட், அதான் படம் ஓடற வேகம், மாறுதும்மா. அதுக்குத்தான் இந்த இருட்டு. ஆஃப் பண்ணிடலாம், ஆனா படம் லேசா வெட்டி வெட்டி ஓடும்."

"அதெல்லாம் வேணவே வேணாம்," என்ற கணவர், போன் வரவே எழுந்து வெளியே போனார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "அந்த இருட்டைக் கூட்ட முடியுமா?"

"பத்து செகண்ட் வரைக்கும் வைக்கலாம். ஆனா எல்லாரும் குறைக்கத்தானே கேப்பாங்க?"

"பத்தே வைங்க தம்பி. அவருக்குச் சர்க்கரை நானூறு. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு எனக்குப் பின்னால உக்காந்து பாட்டு பாப்பார். டிவி கறுத்ததும், இருட்டுல யாருக்குத் தெரியப்போகுதுன்னு சாக்லேட்டை வாயில போட்டுக்கறார். ஜன்னல்ல வர்ற தெருவிளக்கு வெளிச்சத்துல அந்தக் கறுத்த டிவிதான் எனக்குக் கண்ணாடி."

"அதான் பாத்துட்டீங்களே, அப்புறம் என்னம்மா?"

"எங்கேருந்து எடுக்கறார்னு பாக்கறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடுது."