தத்துவத் துறைக்குப் பூட்டு

"தத்துவத் துறையை மூடறதா இருந்தா, முதல்ல என் துறையை மூடுங்க சார்."

இயற்பியல் துறைத் தலைவர் கூட்ட அறை மேசையைத் தட்டிச் சொன்னார்.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "மூடச் சொல்லிக் கோரிக்கை வந்திருக்கு. அங்கே மாணவரைவிட ஆசிரியர்தான் அதிகம்."

"கோரிக்கை குடுத்தது யாரு?"

"அது அப்புறம். நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

இயற்பியல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக் கோடியில் தத்துவத் துறைத் தலைவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். 'கேள்வி அம்மா' என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். இன்று வாயே திறக்கவில்லை. பாவம், மனசு விட்டுப்போயிருக்கும் என்று இயற்பியல்காரர் நினைத்துக்கொண்டார்.

"போன வருஷம் எங்க சோதனை எதுவும் கணக்கோட ஒத்துப்போகல சார். ஒத்து வராத அளவையெல்லாம் பிழைன்னு தூக்கிப் போட்டுட்டிருந்தோம். டீ குடிக்க வந்த இந்த அம்மா, 'பிழைன்னு யாரு சொன்னா?'ன்னாங்க. யாருமே சொல்லல, நாங்களா நெனச்சுக்கிட்டது. போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். பரிசு வாங்கின ஆய்வு அந்தக் குப்பையிலேர்ந்து வந்ததுதான்."

மருத்துவப் பேராசிரியை குறுக்கிட்டார். "ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னா, நோயாளிக்கு வலியே இல்லன்னு எழுதிடுவாங்க எங்க பசங்க. இவங்க ஒருநாள் வார்டுக்கு வந்து, 'வலி ஸ்கேனுக்குத் தெரியுமா, படுத்திருக்கறவருக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. இப்ப எல்லாரும் முதல்ல நோயாளிகிட்ட உக்காந்து பேசறாங்க."

"சட்டத்தை நாங்க சொல்லிக் குடுத்துடுவோம்," என்றார் சட்டத் துறைக்காரர். "நியாயம் எதுன்னு கேட்டா, பேசாம இவங்க ரூமுக்கு அனுப்பிடறோம்."

அறையில் சிரிப்பு எழுந்தது. பொருளாதாரம், கணிதம் என்று கைகள் உயர்ந்துகொண்டே போயின. துணைவேந்தர் போதும் என்று கையமர்த்தினார்.

இயற்பியல்காரருக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "மூடச் சொன்ன புண்ணியவான் யாருன்னு இப்பவாவது சொல்லுங்க சார். நேருக்கு நேர் கேட்டுடறேன்."

கேள்வி அம்மா எழுந்து நின்றார்.

"நான்தான் சார். இத்தனை துறைக்கும் நாங்க வேணும்னா, எங்களை எதுக்குத் தனிக் கட்டடத்துல அடைச்சு வெச்சிருக்கணும்? அதை மூடிட்டு, உங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் எங்கள்ல ஒருத்தருக்கு நாற்காலி போடுங்க."