ஓரக் குறிப்புகள்

“என் குறிப்பையெல்லாம் யாரும்மா அழிச்சது?”

பெரியண்ணன் போட்ட சத்தத்தில் ஆய்வறையே திரும்பிப் பார்த்தது. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களில் அவர்தான் மூத்தவர். காதோரம் நரைத்த பிறகு படிக்க வந்தவர். அதனால் அந்தப் பேர்.

“எந்தக் குறிப்பு அண்ணா?” என்றாள், அங்கே எல்லாருக்கும் இளையவளான சின்னவள், மெதுவாக.

“எதுன்னு உனக்குத் தெரியாது?”

கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, ஓரத்தில் குறிப்பெழுதிக்கொள்ளும் பழைய மென்பொருள் நேற்றோடு மூடிவிட்டது. இனி வெளிக் கம்பெனியை நம்ப வேண்டாம், புது மென்பொருளுக்கு மாறுங்கள், மொத்தத்தையும் நம்முடைய சொந்தக் கணினிச் சேமிப்புப் பெட்டியில் வையுங்கள் என்று, எல்லாருடைய ஆய்வுக்கும் வழிகாட்டும் கைடு சொல்லியிருந்தார். அந்தப் பெட்டி அறை மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நேற்று எல்லாருடையதையும் அதில் ஏற்றியவள் சின்னவள். பாஸ்வேர்டும் அவளிடம்தான்.

அதுவே பெரியண்ணனுக்குப் பிடிக்கவில்லை. தனக்குப் பின்னால் வந்தவள், தனக்கு முன்னால் கட்டுரைக்குப் பரிசு வாங்கினாள். அதை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இன்று காலையில், ஜன்னலோரத்தில் உட்காரும் மாணவன் அவளைப் பார்த்து, “என்ன அரைவேக்காடு, டீக்கு வர்றியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யார் வைத்த புதுப் பேரோ, பொருத்தமாத்தான் வெச்சிருக்கான் என்று பெரியண்ணனும் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் இந்த வருஷமும் போச்சு. அந்த அத்தியாயம் முழுக்க கைடின் கட்டுரைகளைப் பற்றியது.

“மத்த கட்டுரையில எல்லாம் என் குறிப்பு அப்படியே இருக்கு. சார் எழுதின கட்டுரைகள்ல மட்டும் ஒரு வரி இல்லை. அது எப்படிம்மா? அங்கே மட்டும் கரையான் அரிச்சுதா?”

சின்னவள் எழுந்து பக்கத்தில் வந்தாள். “அண்ணா, ஒரு நிமிஷம் வெளியே வாங்க. சொல்றேன்.”

“வெளியில என்ன ரகசியம்? இங்கேயே சொல்லு.”

“கத்தாதீங்கண்ணா, ப்ளீஸ்.”

“கத்துவேன்! போறது என் உழைப்பு. உனக்கென்ன?”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கைடே வந்துவிட்டார். “என்ன சத்தம் இங்கே?”

“நீங்களே கேளுங்க சார். உங்க கட்டுரைகள்ல நான் பார்த்துப் பார்த்து எழுதின குறிப்பை வேணும்னே தூக்கிட்டா. நான் முடிச்சிடக் கூடாதாம்.”

“அப்படி என்ன எழுதி வெச்சிருந்தீங்க?”

“எல்லாம் உங்க கருத்தைப் பாராட்டித்தான் சார்.”

கைடு அவள் பக்கம் திரும்பினார். “அழிச்சியா?”

சின்னவள் பெரியண்ணனைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

“மாத்தும்போது விட்டுப் போயிருக்கும் சார். என் தப்புதான்.”

“பொறுப்பே இல்லை உனக்கு. பாஸ்வேர்டை அவர்கிட்ட கொடுத்துடு. இனிமே அந்தப் பெட்டிப் பக்கம் நீ போகாதே.”

கதவு மூடியது. பெரியண்ணனின் நெஞ்சு நிமிர்ந்தது.

சின்னவள் பாஸ்வேர்டைச் சொன்னாள். கூடவே ஒரு பென்டிரைவை அவர் மேஜையில் வைத்தாள்.

“உங்க குறிப்பு இதுல பத்திரமா இருக்கு.”

“அப்போ சார்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே?”

“பழசுல உங்க குறிப்பு உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். புதுசுல அப்படி இல்லைண்ணா. ஏத்தின உடனே எல்லாருக்கும் தெரியுது, பேரோட. சாருக்கும்தான். ஒவ்வொண்ணா பிரிக்க நேரமில்லை. சார் பார்க்கறதுக்குள்ள அவர் கட்டுரையில இருந்ததை மட்டும் மொத்தமா எடுத்துட்டேன். காலையிலேருந்து சொல்லத்தான் பார்த்தேன். நீங்க முகம் கொடுத்தே பேசலை.”

“தெரிஞ்சா தெரியட்டுமே. எனக்கென்ன பயம்?”

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

பெரியண்ணன் பென்டிரைவைச் செருகினார். கைடின் முதல் கட்டுரை. ஓரத்தில் முதல் குறிப்பு.

‘சுத்த உளறல். இந்த ஆளுக்கெல்லாம் எவன் பட்டம் கொடுத்தான்?’

அடுத்தது. ‘கிழத்துக்கு மூளை கழண்டாச்சு.’

கோபம் வந்தபோதெல்லாம் எழுதித் தள்ளியவை. எழுதியதையே மறந்திருந்தார். இதில் பாதியைக் கைடு பார்த்திருந்தால் கையெழுத்து கிடைத்திருக்குமா? இந்த அறையில் நாற்காலிதான் மிஞ்சியிருக்குமா?

‘வேறெங்கே எதை எழுதித் தொலைச்சேனோ!’

பெட்டியின் பாஸ்வேர்டைத் தட்டினார். கைடின் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் திறந்தார். ஒரு புள்ளிகூட இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தாள்.

பெருமூச்சு விட்டவர், கடைசியாகச் சின்னவளின் பரிசுக் கட்டுரையைத் திறந்தார்.

நேற்றிலிருந்து எல்லார் கண்ணிலும் படும்படி, கீழே அவருடைய பெயரோடு, அவள் எடுக்காமல் விட்ட அவருடைய குறிப்பு அங்கே இருந்தது. ஒரே ஒரு சொல்.

‘அரைவேக்காடு.’